சட்டை போட்ட தக்காளி

எடி, இன்று காலையில் டொமாட்டியோக் காயின் காய்ந்த உறையை உரித்தேன். விரலெல்லாம் பிசுபிசு. அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து குசினியிலேயே குந்திவிட்டேன். மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. இன்றைக்குத்தான் முதல் சாப்பாடு.

சட்டை போட்ட தக்காளி என்று நீதானே அதற்குப் பேர் வைத்தாய். தக்காளிக்காய் என்று நினைத்து வாங்கி, பால்கறி வைத்து, தேங்காய்ப்பால் திரைந்துபோய், புளியில் கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு பேரும் தின்றோமே! மிச்சக் காயின் விதையை உன் பல்கனியில் போட்டாய். ஒரே ஒரு கன்று. பூத்துக் கொட்டியது, காயே இல்லை. புவாண்ட்-கிளேர் ஊரில் எங்களோடு வேலை செய்த மெக்சிக்கோக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒன்று தனிய நின்றால் காய்க்காதாம்.

அடுத்த வருசம் ரெண்டு கன்று வைத்து, ஒன்றைப் பக்கத்து வீட்டுக்கு, என் பல்கனிக்குத் தூக்கி வந்தாய். "எனக்கு இடமில்லையடி" என்றாய். பச்சைப் பொய். என் மனிசனுக்கு விசா வராமல் நான் தனியக் கிடக்கிறேன் என்றுதான், தண்ணி விடுகிற சாட்டில் ஒவ்வொரு நாளும் வந்தாய்.

அவர் விசா கிடைத்து வந்து, வயிற்றில் பிள்ளை என்றதும் துள்ளினாய். "முதல் வாய் நான்தான் என்ர கையால தீத்துவன். இந்தப் புளிக்கு அது முகம் சுளிக்கிறதைப் பாக்கவேணும்." மாசியில் நீ கண்ணை மூடிவிட்டாய். பங்குனியில் அவள் பிறந்தாள். எனக்கு உன்னில் இப்பவும் கோபம்தான்.

பனி கரைந்தபின் என் பூச்சட்டியில் பழைய விதைகள் தானாக முளைத்தன. எல்லாக் கன்றையும் நானே வைத்திருக்கலாம், மனம் கேட்கவில்லை. உன் வீட்டுக்குப் புதிதாக வந்த மனிசியின் கதவைத் தட்டி, அரைகுறைப் பிரெஞ்சில் ஏதோ சொல்லி, ஒரு கன்றைக் கொடுத்தேன். ஒரு மாதிரிப் பார்த்தாள், ஆனால் வைத்தாள். ரெண்டு பல்கனியிலும் காய்த்தது.

இன்று அவர் வேலைக்குப் போனபின் கழுவி, அவித்து, உப்பில்லாமல் மசித்து, ஒரு சின்னக் கரண்டி. கண்ணை இறுக்கி, உடம்பு சிலிர்த்து, முகம் முழுக்கச் சுளித்தாள். பிறகு ஆவென்று வாயைத் திறந்தாள். "பாத்தியாடி!" என்று திரும்பினேன். ஒருத்தரும் இல்லை. அப்போதுதான் அழுதேன்.

கரண்டியைக் கழுவமுதல் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போன் எடுத்தா. "பிள்ளைக்கு ஆர் முதல் தீத்தினது?"

உன் பேரைச் சொன்னேன்.

நீ இல்லையென்று அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் மெதுவாக, "அவள் தீத்தினது பிள்ளைக்குப் பிடிச்சதோ?" என்று கேட்டா.

"ஓமம்மா. இன்னும் கேட்டவள்" என்றேன்.