அவர் செல்லுக்கு டிஸ்ப்ளே மாற்றிய வாரம்

ஜனவரி 18, ஞாயிறு

எனக்கு வாய் நீளம் என்பார்கள். இன்று கையும் நீண்டுவிட்டது. மத்தியானம் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் செல்லையே நோண்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் பிடுங்கிச் சோபாவில் எறிந்தேன். சோபாவில்தான் எறிந்தேன்! அது துள்ளித் தரையில் விழுந்துவிட்டது. கண்ணாடி நொறுங்கி, உள்ளே ஒரே இருட்டு.

அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தறி ஓட்டப் போய்விட்டார்.

ஜனவரி 19

இன்னும் பேசவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மனுசன் திட்டித் தொலைத்தாலாவது தேவலை. கேட்டால் தலையாட்டுகிறார், சாப்பிடுகிறார், போகிறார். மேசைமேல் அந்தச் செல் அடிக்கிறது — எடுக்க முடியாது, யாரென்றும் தெரியாது. நூல்காரர், தறிக்குப் பாவு ஓட்டித் தரும் பாவுக்காரர் எல்லாரும் கூப்பிடுவது அதில்தான். இனிமேல் இந்த வீட்டில் இப்படியேதானா?

கருமத்தம்பட்டிக் கடையில் கேட்டேன். இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே இல்லையாம். சென்னையில் படிக்கும் மகள் ரித்திகாவுக்குப் போன் போட்டு அழுதேன். "அம்மா, டிஸ்ப்ளே, டூல்ஸ் எல்லாம் நா ஆர்டர் போடறேன். நீயே மாத்திக் குடு" என்றாள்.

நானா? சரி, நான் உடைத்தது, நானே மாட்டுகிறேன்.

ஜனவரி 24, சனி

பார்சல் வந்தது. என் போனில் ரித்திகாவை வீடியோ காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் விட்டுப்போன ஹேர் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி நெம்பினேன். கடுகு மாதிரி ஸ்குரூ. ஒன்று இடம் மாறினாலும் கெட்டது என்றாள். இட்லித் தட்டை எடுத்து, குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தேன். புதுசை மாட்டி ஆன் செய்தால் — எரியவில்லை.

"ஐயோ, கொன்னுபோட்டனே!"

திரும்பினால் வாசலில் அவர். எப்போது வந்தாரோ. இட்லித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனம்மணி, இன்னிக்கு ஸ்குரூ இட்லியா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தார். "அளுகாத. அந்த ஒயரு சரியா உக்காரல பாரு, நல்லா அமுத்து."

அமுத்தினேன். எரிந்தது! விரல் வைத்தால் ஓடுகிறது! போனில் ரித்திகா கை தட்டினாள். ஸ்குரூவை முடுக்கி ஒட்டியபின், பசை காய்கிறவரைக்கும் அவரே ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, இத்தன நாளா ஏன் பேசலீங்க?"

"வாயத் தொறந்தா கடுசா எதாச்சும் சொல்லிப்போடுவேன்னு பயந்துட்டேன் அம்மணி."

எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போச்சே.

ஜனவரி 26, திங்கள்

சட்டைக்குப் பித்தான் தைத்து வைக்கவில்லை என்று காலையில் கத்தினார். நானும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினேன். அப்பாடா.