அரவேணு ஏற்றத்தில் கருகிய கிளட்ச்

பாத்திமுத்து,

நேற்று வொர்க்‌ஷாப்பில் இருந்தது நான்கு பேர்: நான், நம் மகன் தாஹா, மருமகள் ஆஸியா, மெக்கானிக் ராசு. நீ அங்கே இல்லை. அதனால் இதை முழுதாகப் படி.

ராசு பிக்கப்பின் கிளட்ச்சைக் கழற்றிக் காட்டினான். கருகியிருந்தது. "ஏனுங்க பாய், ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துட்டு அரவேணு ஏத்தத்துல நாலாவது கியர்லயே போயிருக்காங்க. இஞ்சின் திணறத் திணற அரை கிளட்ச்சுல ஓட்டுனா தீயாம என்ன பண்ணும்? ஆஸியாக்கா ஓட்டுனாங்களா?" என்றான்.

ஆஸியா என் முகத்தைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. தாஹா அவளை அங்கேயே திட்டினான். வீட்டுக்கு வந்ததும் நீ திட்டினாய். அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

இன்று பத்து மணிக்குள் கோத்தகிரி கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டர் போக வேண்டும். ராசு புது கிளட்ச் போட்டு ராத்திரியே வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டான்; சாவி ஆணியில் தொங்குகிறது. ஆஸியா கையில் கொடு, தாஹா கேட்டால் கொடுக்காதே. அவள் சாப்பிட்ட பிறகே கிளம்பட்டும். எப்படி ஓட்டுவது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டாம். ஏற்றத்தில் இஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்குமுன் கியரைக் குறைக்க வேண்டும், இறக்கத்திலும் அதே கியரில் வர வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

நான் ராசுவைப் பார்க்கப் போகிறேன்.

ஜலீல்

கீழே இடமிருப்பதால் இதையும் எழுதுகிறேன். ஜலீல் வீட்டு மருமகள் வண்டியைக் கெடுத்துவிட்டாள் என்று பஜாரில் பேசுகிறார்கள். அது பொய். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மாமா, கியரைக் குறைங்க" என்று மூன்று முறை சொன்னாள். ஓட்டியது நான், ஜலீல்.