வாங்கிவிட்ட தாம்பூலத் தட்டு

அன்பு மகள் மதிவதனிக்கு ஆரணியிலிருந்து சித்தப்பா துரைக்கண்ணு எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உன் தங்கை லாவண்யாவும் நலம், அங்கே நார்வே குளிரில் நீயும் நீ வளர்க்கும் கடல் பாக்டீரியாக்களும் வாடாமல் இருக்கவேண்டும். என் பிரஷரைப் பார்த்த டாக்டர் இருபது வயசுப் பையனுக்குக்கூட இப்படி இருக்காது என்று அசந்துபோனார், ஆனாலும் மூன்று நாளாக எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. சித்தி பக்கத்தில் நிற்கும்போது போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதி, இந்தக் கடிதத்தை போட்டோ எடுத்து அனுப்பும்படி லாவண்யாவிடம் சொன்னேன். போன மாதம் நீ, பாக்டீரியாவிலிருந்து எடுத்த பொருள் கண்ணாடித் தட்டில் கேன்சர் செல்லைக் கொன்றுவிட்டது என்றாய் அல்லவா, அதை டீக்கடையில் ஒரு வார்த்தை கூட்டாமல்தான் சொன்னேன். நீ தினமும் கடலுக்கு அடியில் போய் வருவது, உனக்குக் கீழே நாற்பது விஞ்ஞானிகள் கைகட்டி நிற்பது, மருந்து தறியில் ஏறிவிட்டது, புடவையாக அறுத்தெடுக்கவேண்டியதுதான் பாக்கி என்பது, இவ்வளவு மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாளே நம் தெரு முத்துவேல் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு தட்டு கொண்டுவந்துவிட்டான். முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும்போதே தட்டு கொடுத்துச் சொல்லிவைப்பார்களே, அப்படி. மொத மருந்து எங்க ஊட்டு ஸ்வர்ணலதாவுக்குத்தாண்ணே, வேற யாருக்கும் வாக்கு குடுத்துடாதீங்க என்றான். அவன் பெண்சாதிதான், அவளுக்கு மார்பில் கட்டி, கீமோ பாதி முடிந்திருக்கிறது. பத்துப் பேர் பார்க்கிறார்கள், வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, நாலாவது ஊசிக்கு அவள் போகவே இல்லை. கேட்டால், அத்தப் போட்டா நாலு நாளு வாந்தியெடுத்துகினு கெடக்கணும், அதான் உங்க பொண்ணு மருந்து வருதே, இன்னாத்துக்குண்ணே இந்த பேஜாரு என்று சிரிக்கிறாள். அப்போதுதான் நீ சொன்ன மீதி ஞாபகம் வந்தது. நல்ல செல்லையும் கொல்லுதான்னு பாக்கணும் சித்தப்பா, அப்புறம் மீன்குஞ்சு, அப்புறம் எலி, மனுஷங்ககிட்ட வரப் பல வருஷம் ஆகும், வராமயும் போகலாம் என்றாய். முப்பது வருஷமாகச் சாயப்பட்டறையில், புதுச் சாயம் எது வந்தாலும் ஒரு கழிப் பட்டு நூலில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பார்க்காமல் ஒரு புடவைப் பாவுக்குக்கூடக் கொடுக்காதவன் நான், அந்தப் பாதி மட்டும் என் காதில் ஏறவில்லை.

நேற்றே போய், நான் அளந்துவிட்டேன் முத்துவேலு, மருந்தும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணன் முதல்முறையாக அடக்கமாப் பேசறாரு என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தட்டைத் திருப்பினால் நோயாளி வீட்டுக்கு ஆகாது என்பார்கள், அதனால் திருப்பப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் விசாரித்தேன், வியாழக்கிழமைக்குள் கட்டாயம் வரச் சொன்னார்கள். கார் சொல்லிவிட்டேன். மீதி ஊசி எல்லாவற்றுக்கும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரப்போவது நான்தான், வாங்கிய தட்டுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அதுதான். உடம்பைப் பார்த்துக்கொள், வெந்நீரே குடி, உன் கை தொட்டது விளங்கும், நூறு வயசு இருப்பாய். நாளை சாயங்காலம் நம் நேரம் ஆறு மணிக்கு அவர்கள் வீட்டில் இருப்பேன், வீடியோவில் வா. என் மானத்தைப் பார்க்காதே, சித்தப்பா சொன்னது பொய் என்றே சொல். நீ சொன்னால்தான் நம்புவாள்.

இப்படிக்கு,
தட்டு வாங்கிய சித்தப்பா
துரைக்கண்ணு