ஏழாவது கம்பம்

ஜூலை 6, 1996. சனி

பிள்ளைகளைப் பனிச்சரிவில் மேலே இழுத்துப்போகும் கயிற்று இழுவை இன்றும் நின்றுவிட்டது. கிளப்பின் பயிற்சியாளன் ஆபெல் காலை முழுக்க அதை ஓட்டும் பழைய லாரி எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். பிள்ளைகள் பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து நடந்தே மேடு ஏறினார்கள். என் தமியானும் ஆபெலின் மகள் ராயெனும் அதையும் போட்டியாக்கிவிட்டார்கள்.

"உங்கப்பா வேணும்னேதான் எஞ்சினைக் கெடுக்கிறாரு. நடையிலயாவது நீ ஜெயிக்கட்டும்னு."

"உன்னை ஜெயிக்க எஞ்சினைக் கெடுக்கணுமா? உங்கம்மா சுட்ட ரொட்டியை இன்னும் ரெண்டு கொடுத்தாப் போதும், நீயே உக்காந்துடுவ."

இருவருக்கும் பன்னிரண்டு வயது. இருவருக்கும் ஒரே போட்டிப் பிரிவு, ஒரே வேகம்.

ஆகஸ்டில், குளிர்காலத்தின் நடுவில், மாவட்டப் போட்டி, முதல் முறையாக எங்கள் சரிவில். பெரிய நகரத்துக் கிளப்புகள் எல்லாம் வரும். என்னை ஏழாவது கம்பத்தில் நடுவராக நிறுத்தப்போகிறான் ஆபெல். அது வளைவுக்கு அப்பால், மரங்களுக்குப் பின்னால் இருப்பது. கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 11. ஞாயிறு

கிளப்பின் முதல் கோப்பை. எல்லோரும் அழுதோம். இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 12

தூக்கம் இல்லை. எழுதிவிட்டால் குறையுமா பார்ப்போம்.

தமியான் முன்பே இறங்கிவிட்டான். சுத்தமான ஓட்டம். நகரத்துப் பிள்ளைகள் எல்லோரையும்விட வேகம். கடைசியாக ராயென் வந்தாள். ஏழாவது கம்பத்தில் அவளுடைய இடது பலகையின் முனை கம்பத்துக்கு உள்பக்கமாகப் போனது. மறு பலகை வெளிப்பக்கம். கம்பம் கால்களுக்கு நடுவே படுத்து எழுந்தது. அப்படிப் போனால் ஓட்டம் செல்லாது. மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரியும்.

கீழே முடிவுக்கோட்டில் நிற்பவர்களோடு பேசும் ரேடியோவைக் கையில் எடுத்தேன். பொத்தானில் விரல் இருந்தது.

நான் சொன்னால் முதலிடம் யாருக்கு? என் மகனுக்கு. கம்பத்தில் நின்றது யார்? அவன் அம்மா. வேறு யாரும் பார்க்கவில்லை. நாளைக்கு என் ரொட்டிக்கடைக்கு வருகிறவர்கள் என்ன சொல்லுவார்கள்? பயிற்சியாளன் மகளைத் தள்ளிவிட்டுத் தன் பிள்ளைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தாள் என்று...

கீழே இருந்து கூச்சல் வந்தது. அவளுடைய நேரம் தமியானைவிடக் குறைவு. "ஏழாவது கம்பம்?" என்று ரேடியோ கேட்டது.

"சரி," என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. என் சொந்தப் பிள்ளையின் கையிலிருந்து நானே பிடுங்கி...

தெற்கே நடக்கும் தேசியப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து ஒரே ஓர் இடம். ராயென் போகிறாள்.

ஆகஸ்ட் 15

வானொலிக்காரர்கள் அழைத்துவிட்டார்கள். "கிளப்பின் வரலாற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும், டெலியா. ஆரம்பத்திலிருந்து இருப்பவர்."

சொன்னேன். எழுபத்தைந்தில் ஆபெலும் நானும் இன்னும் நான்கு பேரும் ஆட்டுரோமம் ஏற்றும் லாரி ஒன்றிலிருந்து எஞ்சினைக் கழற்றி மலையில் வைத்த கதை. முதல் கயிறு படகுக் கயிறு. ஒரு குளிர்காலத்தில் ஊரிலிருந்த கையுறைகளை எல்லாம் தின்றுவிட்டது. ராணுவ ஆட்சியில் கூட்டம் கூடக் கூடாது என்றபோது ஒவ்வொரு கிளப் கூட்டத்தையும் பிறந்தநாள் விருந்து என்று சொல்லி நடத்தினோம். கேக் என்னுடையது. சந்தேகப்பட்டு வந்த சார்ஜென்ட் இரண்டு துண்டு தின்றுவிட்டு, வயசே ஏறாத அந்தப் பிறந்தநாள்காரனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான். பனியே பெய்யாத வருஷம் உச்சியிலிருந்து பனியை அள்ளி ஆட்டு லாரிகளில் கொண்டுவந்து கொட்டினோம்.

எல்லாம் உண்மை. பேசப் பேச எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் பேட்டி எடுத்த பையன் கேட்டான்: "இத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் கோப்பை. அந்த ஓட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்களாமே?"

"அழகான ஓட்டம்," என்றேன். ஊர் முழுக்கக் கேட்டது.

ஆகஸ்ட் 19

ராயென் ரொட்டி வாங்க வந்தாள். சில்லறையை எண்ணிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அத்தை, அன்னைக்கு நீங்க கம்பத்துக்குப் பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். அவரைச் சாக்காக வைத்துத் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24. சனி

தமியான் பயிற்சிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றான். நெற்றி சில்லென்று இருந்தது.

அவன் கட்டிலில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"தெரியும்மா."

"எப்படிடா?"

"எறங்கினதும் ஓரமா ஏறி வந்துட்டேன், அவ ஓட்டத்தைப் பாக்க. மரத்தடியில நின்னேன். நீ ரேடியோவை எடுத்ததையும் பார்த்தேன்."

"ஏன்டா சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்." போர்வையை மேலே இழுத்துக்கொண்டான். பிறகு, "நான் ஜெயிச்சா உனக்கு வெக்கமா இருக்காம்மா?"

அய்யோ. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். ஊருக்குப் பயந்தேன், இவன் மூஞ்சியை நெனச்சுப் பாக்கவே இல்லையே.

எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்யும் அவன் அப்பா அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தார். அவரிடமும் சொன்னேன். "என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். "ஆபெல் வீடு எதிர்த் தெருவுலதானே இருக்கு?"

ஆகஸ்ட் 25

போனேன்.

ஆபெல் மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். சொல்லி முடித்ததும் கெண்டியை அடுப்பில் வைத்தான். கத்துவான் என்று நினைத்தேன். அவன் உள்ளே பார்த்து, "ராயென், வெளிய வா," என்றான்.

அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"அன்னைக்கு ராத்திரியே அப்பாகிட்டச் சொன்னேன்," என்றாள். "கம்பம் கால் நடுவுல வந்துச்சுன்னு."

நான் ஆபெலைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"நான் இவளைத் திட்டினேன், டெலியா. 'டெலியா அங்கதான் நின்னா, அவ கண்ணுக்குத் தப்பாது. அவ சரின்னா சரிதான், பயத்துல உனக்கு அப்படித் தோணியிருக்கு'ன்னேன். என் பிள்ளை பேச்சை விட்டுட்டு உன் பேச்சை நம்பினேன்."

"எனக்கே என் காலு மேல நம்பிக்கை போயிடுச்சு," என்றாள் ராயென். அழவில்லை. "ரெண்டு வாரமா ஒவ்வொரு கம்பத்துலயும் தடுமாறறேன். பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு நெனச்சேன். கடையில வந்து கேட்டேனே. அப்பக்கூட நீங்க சொல்லலையே."

மன்னிப்பு என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் அது சின்னதாகத் தெரிந்தது. இருந்தாலும் கேட்டேன். அவள் தலையாட்டவில்லை.

"வானொலிக்கு நீயே போய்ச் சொல்லு," என்றான் ஆபெல். "மாவட்டத்துக்கு நான் போன் பண்றேன்."

ஆகஸ்ட் 27

சொன்னேன். அதே மைக், அதே பையன். நான் முடித்ததும் அவன் பாட்டுப் போட்டுவிட்டான்.

செப்டம்பர் 8

மாவட்டச் சங்கத்தின் முடிவு: முதலிடம் தமியானுக்கு. தேசியப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டதால் யாரும் போக முடியாது. இரண்டு வருஷம் எங்கள் சரிவில் போட்டி கிடையாது. நான் இனி எங்கும் நடுவராக நிற்கக் கூடாது. இது மட்டும்தான் எனக்கு நியாயமாகப் பட்டது.

மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை நகரத்துக் கிளப்புக்கு மாற்றிக்கொண்டன. "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா கிளப்பாவது தப்பிச்சிருக்கும்," என்றாள் மருந்துக்கடை நோர்பெர்த்தா, என் கடையில், எல்லோருக்கும் முன்னால். வேறொருத்தி, "மகனுக்குக் கோப்பை வேணும்னு இப்ப ஞாபகம் வந்துச்சாக்கும்," என்றாள்.

எதற்குப் பயந்தேனோ அதையே சொல்லிவிட்டார்கள். கேட்ட பிறகும் மாவைப் பிசைந்தேன். மாவு உப்பியது.

அக்டோபர் 3

பனி உருகிவிட்டது. எஞ்சினுக்குத் தார்ப்பாய் போர்த்தினோம், ஆபெலும் நானும். வேலை சம்பந்தமாக மட்டும் பேசினோம்.

நகரத்துக் கிளப்பின் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். திருத்திய முடிவைப் பார்த்தாராம். அடுத்த வருஷம் தமியானைத் தங்கள் விடுதியில் சேர்க்கலாமா என்று கேட்டார்.

"நான் போனா இங்க இன்னொரு ஆள் கொறையும்," என்றான் தமியான்.

"குறையும்."

"ஊர்ல பேசுவாங்க."

"பேசட்டும். உனக்குப் போகணுமா?"

"ரொம்ப."

"அப்பப் போ," என்றேன். பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன்.

ஜூன் 29, 1997. ஞாயிறு

பனிப் பருவத்தின் இரண்டாம் வாரம். கிளப்பில் இப்போது பதினொரு பிள்ளைகள். நான் இழுவையின் அடியில் நின்று சின்னதுகளைக் கயிற்றில் பிடித்து ஏற்றிவிடுகிறேன். ராயென் அவர்களுக்கு முதல் வளைவு சொல்லித்தருகிறாள். எனக்கு வணக்கம் சொல்வாள். அதற்கு மேல் இல்லை. நானும் கேட்பதில்லை.

மாலை கடையில் கூட்டம். ஆபெல் வரிசையில், பின்னால் ராயென், அப்புறம் நோர்பெர்த்தா. தொலைபேசி அடித்தது. தமியான். மூச்சு வாங்கிக்கொண்டு, பெரிய பிள்ளைகளோடு முதல் போட்டியில் நான்காவது வந்துவிட்டேன் என்றான்.

கையில் ரொட்டித் தட்டோடு திரும்பிக் கத்தினேன்: "என் மகன் நாலாவது! கேட்டுதா எல்லாருக்கும்? நாலாவது!"

யார் முகம் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

"நாலாவதுக்கே இவ்ளோ சத்தமா?" என்றாள் ராயென். "நான் அங்க இருந்திருந்தா அவன் அஞ்சாவது. அதைச் சொல்லுங்க அவன்கிட்ட."

ரிசீவரை அவளிடம் நீட்டினேன். "நீயே சொல்லு."

வாங்கிக்கொண்டாள்.