கூடாரப் புல் தின்ற ராஜா

3.3.1996, ஞாயிறு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், புலாவ் செபாங் பக்கத்து எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ராஜா, மந்திரி என்ற இரு முயல் பெருமக்கள் இன்று குடியேறினார்கள். வந்ததும் என் காலில் மூத்திரம் பெய்து குடிபுகுவிழாவை நடத்தினார்கள்.

நாலாம் பாரத்து மாணவர்களுக்கான அறிவியல் போட்டிக்கு நானும் அடுத்த வீட்டுத் தேவமலரும் ஒரே குழு. மூளை என்னுடையது. மற்றதெல்லாம் அவள். வாணி டீச்சர் ஒரு சஞ்சிகையில் படித்தாராம்: லோரியும் தொழிற்சாலையும் விடும் புகையால் காற்றில் கரிவளி என்ற கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகிறது. அதனால் பயிரும் புல்லும் மளமளவென்று வளரும், ஆனால் உள்ளே புரதம் குறையும். பெரிய மூட்டை, உள்ளே பஞ்சு. எங்கள் தலைமையாசிரியர் பேச்சு மாதிரி.

ஒரு பாத்திப் புல்லுக்கு மட்டும் பிளாஸ்டிக் கூடாரம். சீனித்தண்ணீரில் ஈஸ்ட் போட்ட போத்தல்களிலிருந்து குழாய் வழியாக அதற்குள் கரிவளி போகும். கூடாரப் புல் ராஜாவுக்கு. வெளிப்புல் மந்திரிக்கு.

16.3.1996

கூடாரப் புல் முட்டி வரை. வெளிப்புல் கணுக்காலோடு சரி.

22.3.1996

அநியாயம்! ஆள்களை வேலை வாங்கும் தண்டல் சிவசாமி மாமா கூடாரத்தை மோந்து பார்த்தார். புளித்த வாடை.

"நல்லமுத்து மவனே, இந்த வயசுலயே சம்சு சாராயம் காய்ச்சுறியா?"

கரிவளி என்றேன். "போன வருசம் காய்ச்சி மாட்டுன பிச்சைமுத்து மருந்துன்னான். நீ வளிங்கிறே" என்று எல்லாப் போத்தலையும் கால்வாயில் கொட்டினார். அப்பா என் வாயை ஊதச் சொல்லி மோந்தார். பெற்ற அப்பா! இந்தத் தோட்டத்தில் விஞ்ஞானிக்கு இதுதான் மரியாதையா?

தேவமலர் போத்தல்களைக் கழுவி, மறுபடி சீனி கரைத்தாள்.

27.4.1996

சாமான் கடைத் தராசில் நிறுத்தோம். வந்த அன்று இருவரும் ஒரே எடை. இன்று ராஜா ஒல்லி, மந்திரிக்குத் தொந்தி. ராஜாதான் அதிகம் தின்கிறான்! இந்தத் தினேஸ்வரன் சொன்னால் சொன்னதுதான். கோப்பைக்கு அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டேன்.

11.5.1996

பாச்சாங்கில் போட்டி. தோற்றோம்.

இவ்வளவு வித்தியாசம் வராதே, மந்திரிக்கு வேறு தீனி ஏதும் போட்டீர்களா என்று நடுவர் கேட்டார். என்ன திமிர்! தேவமலர் நிமிர்ந்து நின்று, "சத்தியமா புல்லைத் தவிர ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

முதல் பரிசு யாருக்கு? கரிவளி கூடினால் விளைச்சல் கூடும், உலகத்தில் பசியே இருக்காது என்று ஒரு கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டிய டவுன் பையன் சுகுமாரனுக்கு. பெரிசா வளந்தா போதுமா? உள்ள என்ன இருக்குன்னு எவனாச்சும் கேட்டானா? நாளைக்கு நம்ம சோறும் அப்படி ஆனா? ரெண்டு தட்டு தின்னாலும் உடம்புல ஒட்டாது. அதுக்குப் போய்க் கைதட்டுறானுங்க லா!

பஸ்ஸை விட்டு இறங்கும்போது தேவமலர் சொன்னாள்: "தோத்தது கூட பரவால்லடா. பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க."

13.5.1996

மேல்முறையீடு செய்யலாம் என்றார் வாணி டீச்சர். புல்லைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை என்று தேவமலர் எழுதி, பெயரும் போட்டுவிட்டு, என்னிடம் பேனாவை நீட்டினாள்.

வாங்க முடியவில்லை.

காலையில் நான் பசியாறும்போது மந்திரி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். என் ரொட்டியில் பாதி அவனுக்கு. தினமும். ராஜாவுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது.

சொன்னேன். அவள் திட்டவில்லை. தாளைக் கிழித்தாள். சாயங்காலம் முயல் இரண்டையும் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "மொதல்லேருந்து செய்யிறேன். நீ புல்லு மட்டும் அறு. கிட்ட வராதே."

புல் விஷயம் நிஜமாகவே இருக்கலாம். மந்திரியின் தொந்தி மட்டும் ரொட்டித் தொந்தி. நடுவர் கேட்டபோதே எனக்குத் தெரியும். அவள் சத்தியம் செய்தபோது பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.