பசிக்காத வாரம்

நவம்பர் 7, திங்கள்
பனி. எதிர் பிளாக் தெரியவில்லை. ஆனாலும் லோதி ரோடு பூங்காவைச் சுற்றி ஓடிவிட்டு வந்தேன். சனிக்கிழமை எண்ணூறு மீட்டர் தேர்வு ஓட்டம். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு எங்களில் ஒருத்திக்குத்தான் இடம். என் சிநேகிதி கீதா, இல்லாவிட்டால் நான். போன வருஷம் ஏசியாட் நடந்ததிலிருந்து டில்லியில் எல்லோருக்கும் ஓட்டப் பைத்தியம்.

தீபாவளி லட்டு இடுப்பில் தெரிகிறதாம். கீதாவிடம் பி.டி. மிஸ் சொன்னது, எல்லோர் முன்னாலும். கீதா சிரித்தாள். அப்புறம் பாத்ரூமில் அழுகை.

பஸ்ஸில் எனக்கு ஒரு மாத்திரை அட்டை கொடுத்தாள். "பசிக்கவே பசிக்காதுடி. அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி இதான் சாப்பிட்டா, எப்படி ஸ்லிம் ஆனா பாரு."

"டாக்டர் கொடுத்ததா?"

"அரே, நீ வேற! யார்கிட்டயும் சொல்லாத. ப்ராமிஸ் பண்ணு."

பண்ணினேன்.

இதையெல்லாம் தமிழில் எழுதுவதே பத்திரம். தம்பிக்கு எழுத்துக்கூட்டக்கூட வராது.

நவம்பர் 8, செவ்வாய்
ஒன்று போட்டுக்கொண்டேன். நிஜமாகவே பசி இல்லை. ஓடும்போது உடம்பே கனக்கவில்லை. ஆனால் கெமிஸ்ட்ரி வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு படபட. எழுத்தெல்லாம் கோணல்.

அம்மா: "ஏட்டி, தோசைய இப்படியே வச்சிட்டுப் போனா என்ன அர்த்தம்? மேலுக்கு முடியலியா, காய்ச்சலா?"

கத்தினேன். ஏன் கத்தினேன்?

நவம்பர் 10, வியாழன்
இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டேன். கீதாவிடமும் சொன்னேன். பயந்தாங்கொள்ளி என்றாள். அவள் இப்போது இரண்டிரண்டாகப் போடுகிறாள். சாப்பாடு வெறும் டீ.

"மிஸ்கிட்ட சொல்லிடட்டுமா?"

"சொன்னா நம்ம தோஸ்தி கட்."

இன்றும் என்னை முந்தினாள். மாத்திரையைச் சாக்கடையில் போட்டது முட்டாள்தனமோ?

வாங்க வேண்டியது: சாக்ஸ், சேஃப்டி பின்.

நவம்பர் 12, சனி
இரண்டாவது சுற்று, வளைவு. கீதா முன்னால். கால் பின்னி விழுந்தாள். நான் தாண்டிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் எழவில்லை. நின்று, அவளிடம் திரும்பி ஓடினேன். உதடு வெளுத்துப் போயிருந்தது. பின்னால் வந்த பெண்கள் எங்களைக் கடந்து ஓடினார்கள்.

டிஸ்பென்சரி. என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். மிஸ்ஸுக்குத் தெரியாது. கீதா என் மணிக்கட்டை இறுக்கினாள். "சொல்லாதடி."

சொல்லிவிட்டேன். மாத்திரையின் பெயர், இரண்டிரண்டாகப் போட்டது, நானும் போட்டது, எல்லாம். டாக்டர் திட்டவில்லை. இதயத்தைச் சாட்டையால் அடித்து ஓட்டுகிற மருந்தாம். தெரியாமல் வேறு ஊசி போட்டிருந்தால் ஆபத்து என்றார்.

கீதா கையை விட்டுவிட்டாள்.

நவம்பர் 13, ஞாயிறு
வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அம்மாவிடமிருந்து அழுகை, திட்டு, இட்லி. மூன்றும் ஒரே மூச்சில். அப்பா வெகுநேரம் பேப்பரில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ் வீட்டு போனில் கீதாவைக் கூப்பிட்டேன். அவள் அம்மா எடுத்தார். "அவ பேசமாட்டேங்கறாம்மா. நீ மனசுல வச்சுக்காத. நீ மட்டும் சொல்லலேன்னா..."

நிற்காமல் ஓடியிருந்தால் ஜெயித்திருப்பேன். இதை இங்கேதான் எழுத முடியும்.

நவம்பர் 17, வியாழன்
பஸ்ஸில் கீதா. முகம் சின்னதாகிவிட்டது. வேறு சீட் காலி இருந்தும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசம் ஓடக்கூடாதாம். உன்னாலதான்."

"நடக்கலாமா?"

பள்ளிக்கு இரண்டு ஸ்டாப் இருக்கும்போதே எழுந்து இறங்கினாள். நானும் இறங்கினேன். பள்ளிவரை சேர்ந்தே நடந்தோம். மெதுவாகத்தான் நடந்தாள். முதல் பீரியட் போயிற்று.