கூறு போடாத மாத்திரை

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை பஸ்ஸிலேயே விட்டாச்சு. பிரிண்டருக்கு மை வாங்கணும்.

தோள் வலி மூலிகை மாத்திரை ஆய்வு, தின்று வருகிறவர்களுக்கு இன்று பரிசோதனை. குருசுக்குப்பத்து மீனவர்கள், அண்ணன் தம்பி வந்தார்கள். ஏழுமலை, சங்கர். ஒரே படகு. சங்கர் இரண்டு கையையும் சரேலென்று தலைக்கு மேல் தூக்கினான். "ஜம்முனு இருக்கு மேடம், மறுபடி வலை இழுக்குறேன்." ஏழுமலைக்கு வலக்கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. முகம் செத்துப்போச்சு.

"பாதிப் பேருக்கு மூலிகை, பாதிப் பேருக்கு மாவுன்னு நீதான சொன்ன? அவனுக்கு மூலிகை, எனுக்கு மாவா?"

யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. தெரிந்தால் நாங்களே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம். தொண்டை கிழியச் சொன்னேன். ஏழுமலை மேஜையில் இடக்கையால் ஒரு குத்து விட்டார். கண்ணாடி விரிசல்.

"அப்ப ரெண்டு பேரு மாத்திரை டப்பாவையும் கொட்டிக் கூறு போட்டுக்கறோம்." கரையில் மீனைப் பங்கு பிரிக்கிற மாதிரியாம்! "கலந்தீங்கன்னா ரெண்டு பேரையும் ஆய்வுலேர்ந்து தூக்கிடுவேன்" என்று கத்தினேன். "சத்தியமா தொட விடமாட்டேன் மேடம்" என்றான் சங்கர்.

மதியச் சாப்பாடு ஆறிப்போச்சு. உப்பில்லை.

நவம்பர் 5, புதன்

வெயில். ஏழுமலை தனியாக வந்தார். சாராய நெடி. "டப்பாவ மாத்திக் குடு." முடியாது என்றேன். செருப்பு பறந்து வந்தது. உதடு கிழிந்தது. நானும் ஸ்டேப்ளரை விட்டெறிந்தேன், காதில் பட்டது. நல்லா வேணும். செக்யூரிட்டி இழுத்துப் போனார்.

பயமில்லை. வெறும் ஆத்திரம்.

நவம்பர் 6, வியாழன்

மழை. ஏழுமலையின் மனைவி தேவகியிடமிருந்து போன். காலையில் கரையில் மீன் கூறு போட்டு முடித்ததும் ஏழுமலை தம்பியிடம் டப்பாவைக் கேட்டிருக்கிறார். சங்கர் இடுப்பில் முடிந்துகொண்டு, "மேடம் திட்டும்ணா" என்றானாம். ஐஸ் உடைக்கிற கட்டை.

"மண்டையிலயே போட்டாருக்கா. விழுந்தவன விடாம போட்டாரு. மீன் மேலல்லாம் ரத்தம்."

சங்கரைச் சேர்த்திருந்த கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் எங்கள் டாக்டரும் ஓடினோம். மண்டையைத் திறக்க வேண்டும். "இவர் சாப்பிடற மருந்து ரத்தத்த உறைய விடாதா? உடனே சொல்லுங்க" என்றார் ஆபரேஷன் டாக்டர். யாருக்கு எது என்று ஆளுக்கொன்றாய் ஒட்டி வைத்த ரகசிய உறையை உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் பிரிக்கலாம். சங்கருடையதை மட்டும் பிரித்தோம்.

மாவு.

மாவைத் தின்றுவிட்டு வலை இழுத்திருக்கிறான். மருந்து என்று நம்பினால் வலி குறையும், அதைப் பிரித்துப் பார்க்கத்தான் மாவு. இதை எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். கழிவறைச் சுவரைக் கை வீங்கும்வரை குத்தினேன்.

சாயங்காலம் சங்கர் போய்விட்டான்.

நவம்பர் 7, வெள்ளி

ஸ்டேஷன். வாக்குமூலம். டீ ஆறிக் கிடந்தது. வாசலில் தேவகி தலையில் அடித்துக்கொண்டாள். "கையத் தூக்க முடியலன்னு என்னைச் சட்டை மாட்டிவிடச் சொன்ன மனுசன்க்கா. கட்டையத் தலைக்கு மேல ஓங்குனாரு!"

ஏழுமலையை விலங்கோடு வேனில் ஏற்றினார்கள். என்னைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, தம்பி தின்னது நெஜ மருந்துதான? அத மட்டும் சொல்லு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உதட்டுக் காயம் எரிந்தது.

"மாவு. வெறும் மாவு."

அறைகிற மாதிரிதான் சொன்னேன். வேண்டுமென்றேதான்.

கம்பியில் மடேர் மடேரென்று முட்டிக்கொண்டார். நெற்றி பிளந்து ரத்தம். போலீஸ்காரர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். திமிறி, விலங்கோடு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். முழுசாக. அப்படியே நின்று அந்தக் கையைப் பார்த்தார்.

"அப்ப எனுக்குக் குடுத்தது?"

அவருடைய உறையை இன்னும் பிரிக்கவில்லை.